மணி அடித்த பிறகு மூன்று நிமிடம்

3 ஆகஸ்ட் 1987, திங்கள்

தேதியை எழுதி முடிக்கவே ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. ஆனாலும் எழுதிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. எழுதியதைத் தள்ளி வைத்துப் பார்த்தேன், கிட்டே வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் சபைக் கோயில் ஹாலில் பெரியவர்களுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கும் தபீதாள் டீச்சர், "தினமும் நாலு வரி எழுதுங்க தாத்தா. யாருக்கும் காட்ட வேணாம், உங்களுக்கே எழுதுங்க" என்றார். எனக்கே எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்தேன். உட்கார்ந்தால் நிறைய இருக்கிறது. கைதான் மெதுவாகப் போகிறது.

முப்பத்துநாலு வருஷம் பாகாலா லோகோ ஷெட்டில் இன்ஜின்களுக்கு நெருப்பு மூட்டினேன். காலையில் வண்டி கிளம்ப வேண்டுமென்றால் நாலு மணி நேரம் முன்பே குளிர்ந்த இன்ஜினுக்குள் எண்ணெய்த் துணியும் விறகும் கரியும் போட்டுப் பற்ற வைக்க வேண்டும். லைட்டப் என்று சொல்வார்கள். அதற்கு எழுத்து தேவைப்படவில்லை. வீட்டு எழுத்தையெல்லாம் என் மனைவி ஞானம்மாள் பார்த்துக்கொண்டாள். அவள் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். மகள் கிருபாபாய் மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போன பிறகு மாதம் இரண்டு கடிதம் ஞானம்தான் எழுதுவாள்.

மார்ச்சில், கெரசின் ஸ்டவ் முன்னால் இருக்கும்போது ஞானத்துக்கு வலிப்பு வந்தது. ஸ்டவ்வோடு சாய்ந்தாள். வலது கை வெந்துபோனது. விரல்கள் இப்போது மடங்கியே இருக்கின்றன, பேனா நிற்காது. அதனால்தான் அறுபத்தாறு வயதில் நான் வகுப்புக்குப் போனேன். காரணம் துக்கமானது. ஆனால் எழுத உட்கார்ந்தால் சந்தோஷமாக இருக்கிறதே — இது தப்பா?

5 ஆகஸ்ட், புதன்

சமையலறையைப் பூட்டி ஐந்து மாதம் ஆகிறது. சாவி என் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு சுந்தரம்மா இரண்டு வேளையும் எவர்சில்வர் கேரியரில் சாப்பாடு கொடுத்தனுப்புகிறாள். நல்லவள். வாய்தான் சும்மா இருக்காது. ஞானம் இரண்டு வாய் துன்னுவிட்டுத் தட்டைத் தள்ளுகிறாள். இன்று கேரியரைக் கழுவித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு பாத்திரத்த என்னிக்காவது காலியா திருப்பிக் குடுத்திருக்கேனா நான்? அஞ்சு மாசமா வெறும் கேரியரு போவுது."

"நாலு வாழைப்பழம் போட்டுக் குடு" என்றேன்.

"கடையில வாங்கினதா? என் கையால செஞ்சது ஒண்ணும் கெடையாதே. சாவியக் குடு."

கொடுக்கவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார், ஆனாலும் மாதம் ஒரு தரம் வலிப்பு வந்துவிடுகிறது. எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஜூலையில் முற்றத்தில் வந்தது. அன்று நெருப்பு பக்கத்தில் இல்லை. அவ்வளவுதான்.

8 ஆகஸ்ட், சனி

கிருபா அனுப்பிய பெட்டி வந்துவிட்டது. கிருபாவின் ஆஸ்பத்திரியில் டிரைவராக இருக்கும் வரதராஜன் என்ற புத்தூர்க்காரர் லீவில் வந்தவர், டாக்ஸியில் கொண்டுவந்து இறக்கினார். பழைய டிரங்குப் பெட்டி அளவு, ஆனால் கல் மாதிரி கனம். முன்பக்கம் கண்ணாடிக் கதவு. பக்கத்தில் கையால் திருப்புகிற இரண்டு திருகு.

"மைக்ரோவேவ் ஓவன் பெரியவரே. நெருப்பே கெடையாது. கரண்ட்ல வேவுது. அம்மா பக்கத்துல உக்காந்தே சமைக்கலாம்."

ஞானம் கதவின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் இப்படி மலர்ந்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று. நெருப்பே இல்லாமல் வேகிறது என்றால், வேக வைப்பது எது?

10 ஆகஸ்ட், திங்கள்

பெட்டியோடு வந்த கடிதத்தை நானே படித்தேன்! முழுசாக. இரண்டு இடத்தில் மட்டும் ஞானம் சொல்லிக்கொடுத்தாள். ஒரு மணி நேரம் ஆனது. படித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

'நைனாவுக்கும் அம்மாவுக்கும் ஸ்தோத்திரம்' என்று ஆரம்பித்து, பெட்டியைப் பற்றி இரண்டு பக்கம். எவர்சில்வர், அலுமினியம், பித்தளை எதுவும் உள்ளே போகக்கூடாதாம், பொறி பறக்குமாம். தங்கக்கோடு போட்ட பீங்கான்கூடக் கூடாது. சாதாரணக் கண்ணாடி வெடிக்கலாம், அவள் அனுப்பிய கெட்டிக் கண்ணாடிக் கிண்ணம்தான் வைக்க வேண்டும். மூடியை இறுக்கி மூடாமல் ஆவி போக வழி விட வேண்டும். முட்டையை ஓட்டோடு வைத்தால் குண்டு மாதிரி வெடிக்கும். உடைத்து ஊற்றினாலும் மஞ்சளை ஊசியால் குத்திவிட வேண்டும். எண்ணெயில் பொரிக்கிற வேலையே கூடாது. பாதி நேரத்தில் நிறுத்திக் கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் கொதித்து நடு பச்சையாக இருக்கும். மணி அடித்ததும் எடுக்கக்கூடாது. மூன்று நிமிடம் அப்படியே இருந்தால்தான் சூடு நடுவரைக்கும் போகும்.

எல்லாவற்றையும் இதில் எழுதி வைத்துவிட்டேன். விரல் வலிக்கிறது.

நெருப்பு என்றால் எனக்குத் தெரியும். நிறத்தைப் பார்த்துச் சொல்வேன், புகையை முகர்ந்து சொல்வேன், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தில் சொல்வேன். நெருப்பு எதையும் மறைக்காது. இந்தப் பெட்டிக்குள் விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, விர்ரென்று ஒரே சத்தம். அது கோபமாக இருக்கிறதா சாந்தமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

11 ஆகஸ்ட், செவ்வாய்

சாயங்காலம் முதல் முறை அரிசி வைத்தேன். கிருபா எழுதிய அளவு, எழுதிய நேரம். நடுவில் வேகவே இல்லை. பல்லில் கடித்தால் கல்.

சுந்தரம்மா வந்து பார்த்து, "கோழிக்குப் போடு அன்னய்யா. அதுக்குத்தான் பல்லு இல்ல" என்றாள். ஞானமும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

12 ஆகஸ்ட், புதன்

ராத்திரியெல்லாம் யோசித்தேன். விடிகிற நேரத்தில் பிடிபட்டது. குளிர்ந்த இன்ஜினில் கரியை அள்ளிப் போட்டு உடனே வண்டியை இழு என்றால் இழுக்குமா? முதலில் சூடேற்ற வேண்டும். இதற்கும் லைட்டப் செய்ய வேண்டும். கிருபா சின்னப் பிள்ளை, இதை எழுத மறந்திருப்பாள்.

ஐந்து மணிக்கு ஞானம் எழுமுன் பெட்டியைக் காலியாகவே பத்து நிமிடம் ஓட விட்டேன். பிறகு அரிசி வைத்தேன். பூ மாதிரி வந்தது! நடுவும் வெந்திருந்தது. எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. முப்பத்துநாலு வருஷம் வீண் போகவில்லை.

13 ஆகஸ்ட், வியாழன்

சுந்தரம்மா புதுசாக ஒன்று கொண்டுவந்தாள். "அதுல கண்ணுக்குத் தெரியாத கதிரு வருதாம் அன்னய்யா. ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கறாங்களே, அந்த மாதிரி. அதுல வெந்தத துன்னா வயித்துல தங்கிடுமாம். ஏற்கெனவே அக்கா தலையில நோவு. பாத்துக்கோ."

விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவா? ஞானத்துக்கு இன்னும் கொடுக்கவில்லை. நான் மூன்று நாள் துன்னு பார்க்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் ஆகட்டும். ஆனால் எனக்கு ஆகிவிட்டால் இவளை யார் பார்ப்பது?

15 ஆகஸ்ட், சனி

வயிறு நன்றாக இருக்கிறது. தலை சுற்றவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி எங்கள் வகுப்புக்கும் மிட்டாய் கொடுத்தார்கள்.

16 ஆகஸ்ட், ஞாயிறு

கோயிலிலிருந்து வந்ததும் சோறும் கத்தரிக்காயும் வைத்தேன். மணி அடித்தது. மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டுமே என்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஞானம் சொன்னாள், "கடியாரம் இன்னாத்துக்கு? உன் ஜெபத்த ஆரம்பி. சரியா இருக்கும்."

நான் சாப்பாட்டுக்கு முன் செய்கிற ஸ்தோத்திர ஜெபம் நீளம் என்று நாற்பது வருஷமாக என்னைத் திட்டுகிறவள் இவள். குழம்பு ஆறுது, ஆண்டவருக்கும் பசிக்கும், முடி என்பாள். இன்று ஜெபம் பண்ணிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். கடிகாரத்தில் மூன்று நிமிடம் தாண்டியிருந்தது. கதவைத் திறந்தால் நடுவரைக்கும் ஆவி.

பாதித் தட்டு துன்னாள். எண்ணிக்கொண்டே இருந்தேன், ஒன்பது வாய்.

18 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று ஞானமே சமைத்தாள்.

கூடத்தில் ஜன்னல் பக்கம் தாழ்ந்த பெஞ்சில் பெட்டியை வைத்து, எதிரே பாய் போட்டிருக்கிறேன். பாயில் உட்கார்ந்தால் திருகு அவள் இடது கைக்கு எட்டும். விழுந்தாலும் பாயில் விழுவாள். சுற்றிலும் அரிவாள்மனை, அம்மிக் குழவி ஒன்றும் இல்லை. காய் நறுக்குவது நான். கிண்ணத்தை உள்ளே வைப்பது அவள், வெந்த பிறகு வெளியே எடுப்பது நான். சூடான கிண்ணம் அவள் கையில் இருக்கும்போது வந்துவிட்டால்? அதற்காகத்தான் இந்த விதி. அவளிடம் காரணம் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

"இன்னாமோ ரயில் கார்டு மாதிரி எட்ட நின்னு கொடி காட்டற. போய் வெங்காயம் உரி" என்று விரட்டினாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு என்னை ஒருவர் விரட்டுகிறார். வெங்காயம் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, நல்லதாகப் போயிற்று, வெங்காயம் மேல் பழி போட்டேன்.

19 ஆகஸ்ட், புதன்

மல்லாட்டை, வேர்க்கடலைதான், வறுத்தோம். மேலே வெளுப்பாக இருக்கிறதே என்று இன்னும் இரண்டு நிமிடம் வைத்தேன். உடைத்தால் உள்ளே கரி. அது உள்ளேயிருந்து கருகும் போலிருக்கிறது. ஒவ்வொரு நிமிடமாக வைத்து ஒன்றை உடைத்துப் பார்க்க வேண்டும்.

21 ஆகஸ்ட், வெள்ளி

தப்பு பண்ணிட்டேன்.

விடியற்காலை வழக்கம்போல லைட்டப்புக்குப் பெட்டியை ஓட விட்டேன். ஆறேழு நிமிடம் இருக்கும். உள்ளே வலது பக்கச் சுவரில் படபடவென்று நீலப் பொறி. தீய்ந்த நாற்றம். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அப்புறம் போட்டால் ஒன்றுமே இல்லை. விளக்கும் எரியவில்லை.

பொறி பறந்தால் அது எவர்சில்வர், பித்தளைப் பாத்திரத்தால் என்றுதானே கிருபா எழுதியிருந்தாள்? நான் ஒன்றுமே வைக்கவில்லையே. ஒன்றுமே வைக்காததற்கு எப்படிக் கோபம் வரும்?

ஞானம் எழுந்து கேட்டாள். "கரண்டு சரியில்ல" என்றேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஃபேனைப் பார்த்தாள்.

22 ஆகஸ்ட், சனி

இன்றும் கரண்ட் மேல் பழி போட்டுப் பொய் சொன்னேன். கேரியர் வந்தது. வெறும் கேரியர் போனது.

மத்தியானம் அவள் தூங்கும்போது ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பின்பக்கம் நாலு ஸ்க்ரூதான். இரண்டைக் கழற்றினேன். மூன்றாவது வரவில்லை. அதற்குள் அவள் புரண்டாள், மறுபடி முடுக்கிவிட்டேன்.

அவள் சமைத்தது மூன்று நாள். நான்தான் கெடுத்தேன். எப்படிச் சொல்வேன்?

23 ஆகஸ்ட், ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை, எழுதிவிட வேண்டும்.

கோயிலில் ஆராதனை முடிந்து தபீதாள் டீச்சரிடம் ரிப்பேர்க்காரர் யாராவது உண்டா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். கால் வலி என்று ஞானம் முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் வந்தால் சமையலறைக் கதவு திறந்திருக்கிறது. குளிக்கும்போது கழற்றி வைத்த சாவியை எடுத்திருக்கிறாள். ஸ்டவ் எரிகிறது. அதன் முன்னால் மணைப் பலகையில் உட்கார்ந்து இடது கையால் கிளறிக்கினு இருக்கா. புடவைத் தலைப்பு தரையில. ஸ்டவ்வுக்கும் அதுக்கும் ஒரு சாண் இல்ல.

கத்திட்டேன். என்ன கத்தினேன்னு தெரியல. ஸ்டவ்வை அணைத்து, அதைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் வைத்தேன். கெரசின் என் வேட்டியெல்லாம் சிந்தியது.

அவள் எழுந்திருக்கவில்லை. "பொட்டி கெட்டுப்போச்சு, அதானே? ஃபேன் ஓடுது, லைட் எரியுது, அதுக்கு மட்டும் கரண்டு இல்லியா? ஒடஞ்சுபோச்சுன்னு சொன்னா நான் சும்மா இருந்திருப்பேன். நீ ஒண்ணும் சொல்லல. நாளைக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்தேன். எனக்கு சமைக்கணும். அவ்ளோதான்."

நான் சொன்னேன். விடியற்காலை லைட்டப், காலிப் பெட்டி, நீலப் பொறி, ஸ்க்ரூ டிரைவர், எல்லாம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

நிமிர்ந்தால் வாயை மூடிக்கொண்டு குலுங்குகிறாள். வலிப்புதான் வந்துவிட்டது என்று பாய்ந்தேன். சிரிப்பு.

"ரிட்டயராயி எட்டு வருஷம் ஆச்சு. இன்னும் லைட்டப் பண்ணிக்கினு கீறியா? எந்த வண்டிக்குயா? திருப்பதி பாசஞ்சருக்கா?"

பொய் சொன்னது நான். அதனால் அவள் நெருப்பு முன்னால் போய் உட்கார்ந்தாள். அவள் சிரித்துவிட்டாள் என்பதற்காக இது சின்ன விஷயம் ஆகிவிடாது. இனி இந்த வீட்டில் ஒன்று கெட்டால் கெட்டது என்று அன்றைக்கே சொல்ல வேண்டும்.

25 ஆகஸ்ட், செவ்வாய்

திருப்பதி போய் வந்தேன்.

ஞானத்தை சுந்தரம்மாவிடம் விட்டுவிட்டு, பெட்டியைப் போர்வையில் கட்டி, ரிக்ஷா வைத்து ஸ்டேஷன். வழியில் பாகாலாவில் வண்டி அரை மணி நின்றது. ஷெட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. யாராவது பார்த்து, "இன்னா ஏசுரத்தினம், மூட்டையில இன்னா?" என்று கேட்டால் என்ன சொல்வது? துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திருப்பதியில் போர்டெல்லாம் தெலுங்கு. ஐந்து மாதம் கஷ்டப்பட்டுக் கற்றும் ஒரே பயணத்தில் மறுபடி எழுத்து தெரியாதவனாகிவிட்டேன். ஆனால் யாத்திரிகர்களுக்காக ஒரு ஓட்டலில் தமிழிலும் எழுதியிருந்தார்கள்: சாப்பாடு தயார். அவ்வளவு கவலையிலும் நின்று படித்தேன். இரண்டு தரம்.

தபீதாள் டீச்சர் சொன்ன பாலையா கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். ரேடியோ, டிவி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் பார்ப்பவர். பஹ்ரைனில் ஓட்டல் ஒன்றில் இந்தப் பெட்டிகளைப் பழுது பார்த்தவராம். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏம் பெத்தாயனா, பெரியவரே, உள்ள இன்னா வச்சி ஓட்டின?"

"ஒண்ணும் வைக்கல."

"ஒண்ணும்?"

"சூடேத்தறதுக்கு... காலியா..."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "இதுல சூடு பொட்டிக்கு ஏறாது. உள்ள வச்ச பொருள்லதான் ஏறும். தண்ணி இருந்தா தண்ணி வாங்கிக்கும், சோறு இருந்தா சோறு வாங்கிக்கும். ஒண்ணும் இல்லன்னா எங்க போவும்? சுத்திச் சுத்தி தன்னையே துன்னும்."

பின்னாலுள்ள ஸ்க்ரூவைப் பார்த்தார். "இத யாரு தொட்டது?" நான்தான் என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஒரு இடத்தில் கரண்ட் தேங்கி நிற்குமாம். ஆளையே தூக்கிவிடுமாம். "ரெண்டு ஸ்க்ரூவோட நிறுத்தினியே, உன் ஆயுசு கெட்டி. இனிமே தொட்டுடாத. எங்கிட்டக் கொண்டா." ஞானம் தூக்கத்தில் புரளாமல் இருந்திருந்தால் — வேண்டாம்.

சுவரில் பதித்திருந்த சின்ன மைக்காத் தகடு, அதாவது காக்காப்பொன், பொசுங்கியிருந்தது. அயர்ன் பாக்ஸுக்கு வைத்திருந்த கூடூர் மைக்காவில் ஒரு துண்டு வெட்டிப் போட்டார். ஃபியூஸ் மாற்றினார். கதவின் ஓரத்தைச் சுற்றிலும் விரலால் தடவி, தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். கதவு கோணினாலோ சரியாக மூடாவிட்டாலோ ஓட்டவே கூடாது என்றார்.

சுந்தரம்மா சொன்ன கதிர் விஷயத்தையும் கேட்டுவிட்டேன். அவர் கடை விளக்கை அணைத்தார். "ரூம்ல வெளிச்சம் மிச்சம் நிக்குதா?" இல்லை என்றேன். "அதே மாதிரிதான். கதவத் திறந்தா நின்னுடும். சோத்துல ஒண்ணும் தங்காது." மறுபடி விளக்கைப் போட்டார். எனக்கு அந்த இருட்டு பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் ஏன் அரிசி வேகவில்லை என்று கேட்டேன். "பம்ப்செட்டுக்கு கரண்ட் விடற நேரத்துல வச்சிருப்ப. வோல்டேஜ் எறங்கும். காலையில வச்சா வெந்துடும்." அப்படியானால் என் லைட்டப்பால் வெந்ததே இல்லை! விடியற்காலை கரண்ட் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். எத்தனை பெருமைப்பட்டேன்.

கிளம்பும்போது அவர் சொன்னது: "சமைக்காத நேரத்துல உள்ள ஒரு டம்ளர் தண்ணி வச்சிடு. யாராவது தெரியாம திருகினாலும் பொட்டி பொழைக்கும். கண்ணாடி டம்ளர், எவர்சில்வர் இல்ல!"

26 ஆகஸ்ட், புதன்

பெட்டி ஓடுகிறது. ஞானம் பாயில் உட்கார்ந்து பால் காய்ச்சினாள். பொங்கி வழிந்தது. இருவரும் துடைத்தோம்.

நான் இல்லாத நாளில் அவள் பழைய குரோஷாப் பின்னல் விரிப்பைப் பெட்டி அளவுக்கு மடித்து சுந்தரம்மாவைத் தைக்க வைத்திருக்கிறாள். போர்த்திப் பார்த்தோம், மணப்பெண் மாதிரி இருந்தது. ஆனால் பக்கத்தில் இருக்கும் ஓட்டைகள் அதற்கு மூச்சு விட என்று பாலையா சொல்லியிருந்தார். ஓடும்போது விரிப்பு கூடாது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தாள்.

3 செப்டம்பர், வியாழன்

இப்போது ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. சாயங்காலம் பல்பு மங்கலாக எரிந்தால் சோறு வைப்பதில்லை. காலையில் சமைத்ததைச் சுட வைப்பது என்றால் கிளறி, நடுவில் கரண்டி விட்டு, அங்கிருந்தும் ஆவி வந்தால்தான் அவளுக்குக் கொடுக்கிறேன். எடுத்ததும் டம்ளர் தண்ணீர் உள்ளே.

ஆனால் ஆகஸ்ட் முழுதும் அவளுக்கு வலிப்பு வரவில்லை. எல்லோரும் நல்லது என்கிறார்கள். எனக்குத்தான் பயம் கூடுகிறது. வரப்போகிறது. எங்கே, எப்போது? பெட்டி எதிரில் வந்தால் என்ன ஆகும் என்று நான் எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். யோசித்து வைத்தது போதுமா? ஷெட்டில் எல்லாம் யோசித்துத்தான் வைத்தோம். அப்படியும் ஒரு தரம் கூட வேலை பார்த்த கங்கையாவின் முகம் வெந்தது.

11 செப்டம்பர், வெள்ளி

வந்தது.

காலை பத்து மணி. நான் வாசல் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஞானம் அரிசி வைத்துத் திருகைத் திருப்பிவிட்டு, "உப்பு எங்க வச்ச?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சத்தம் கேட்டது. மார்ச்சில் கேட்ட அதே சத்தம்.

ஓடினேன். பாயில் சாய்ந்திருந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. டாக்டர் சொன்ன மாதிரி ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழ் என் துண்டை மடித்து வைத்தேன். வாயில் ஒன்றும் வைக்கவில்லை. சத்தம் கேட்டு சுந்தரம்மா வந்தாள், சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தாள். திணிக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடிகாரம் சுவரில் என் முதுகுக்குப் பின்னால். திரும்ப முடியவில்லை.

எதிரே பெட்டி. அதன் நேரத் திருகு பதினொரு நிமிடத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவளைப் பிடித்திருந்தேன். பத்து. பின்னால் ஒன்பது. விர்ரென்று ஒரே சத்தம், தட்டு சுற்றுகிறது, அரிசி கொதித்து நுரை ஏறி இறங்குகிறது. போய் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. கையை எடுத்தால் அவள் தலை தரையில் மோதும். எட்டரை இருக்கும். இழுப்பு தளர்ந்தது. மூச்சு பெரிதாக வந்தது.

எங்கேயும் நெருப்பு இல்லை. அவள் புடவைத் தலைப்பு பெஞ்சின் காலில் கிடந்தது, அப்படியே கிடந்தது.

"பொட்டிய அணைக்கட்டா அன்னய்யா?" என்று சுந்தரம்மா கேட்டாள். அவளுக்கு எந்தத் திருகு என்று தெரியாது.

"வேணாம். அதுவே நிக்கும்" என்றேன். சொன்னதும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. நான்தானா சொன்னேன்?

அப்படியே உட்கார்ந்திருந்தோம். மணி அடித்தது. விளக்கு அணைந்தது. தட்டு நின்றது. யாரும் தொடவில்லை.

கால் மணி நேரம் கழித்து ஞானம் கண்ணைத் திறந்தாள். எங்களைப் பார்த்தாள். சுந்தரம்மா அழுதுகொண்டிருந்தாள். ஞானத்தின் பார்வை பெட்டிக்குப் போயிற்று. நாக்கு இன்னும் தடித்துத்தான் இருந்தது.

"மணி அடிச்சிச்சா?"

"அடிச்சிச்சு."

"மூணு நிமிஷம் ஆச்சா?"

எனக்கு ஜெபம் வரவில்லை. வாய் கோணிக்கொண்டது. "ஆச்சு ஞானம், எப்பவோ ஆச்சு" என்று மட்டும் சொன்னேன். பாதி நேரத்தில் கிளறாததால் சோறு ஒரு பக்கம் குழைந்திருந்தது. மூன்று பேரும் துன்னோம்.

12 செப்டம்பர், சனி

நாள் முழுதும் அவள் தூங்கினாள். நான் பக்கத்தில் இருந்தேன். எழுத ஒன்றும் இல்லை.

20 செப்டம்பர், ஞாயிறு

ஸ்டவ்வை ஈயம் பித்தளைக்காரனிடம் போட்டாயிற்று. சமையலறைப் பூட்டை சைக்கிளுக்கு வைத்துக்கொண்டேன்.

கிருபாவுக்குக் கடிதம் எழுதினேன். ஞானம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இனி யாருக்குப் பெட்டி அனுப்பினாலும் காலியாக ஓட்டக்கூடாது என்பதை முதல் வரியாக எழுதி அனுப்பு, உன் நைனா மாதிரி இன்னும் எத்தனை பேர் இருப்பார்களோ என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். இன்னொரு கண்ணாடிக் கிண்ணம், பெரியதாக, வேண்டுமாம். அதையும் எழுதினேன்.

நேற்று ராத்திரி சுந்தரம்மாவின் கேரியர் வந்திருந்தது, ஞானம் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தாள். இன்று கோயிலிலிருந்து வந்ததும் பாயில் உட்கார்ந்தாள். சோறு, கத்தரிக்காய்க் கூட்டு, இரண்டு முட்டை. முட்டை மஞ்சளை ஊசியால் குத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வெந்ததையெல்லாம் கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து நான் கேரியருக்கு மாற்றினேன். மூடிகளைத் தன் இடது கையாலேயே ஒவ்வொன்றாக அழுத்தி, கம்பியை மாட்டினாள்.

தானே எடுத்துக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். சுந்தரம்மா வாங்கினாள். கையில் கனம் தெரிந்தது. மேல் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்:

"இன்னா அன்னய்யா, கோழிக்குப் போடட்டா?"

"ஒம் புருஷனுக்குப் போடுடீ" என்றாள் ஞானம். தெருவே கேட்டிருக்கும்.

நான் உள்ளே வந்து கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, பெட்டிக்குள் வைத்து மூடினேன்.